அமலதாஸ் சாவி கொடுத்த கதை

அமலதாஸ் யாருக்கும் எதையும் வெறுமனே இரவல் கொடுத்ததில்லை. பொருளோடு அதன் குணத்தையும் சேர்த்துத்தான் கொடுப்பார். குடை கேட்டு வந்தால், "இடது பக்கத்துக் கம்பி கொஞ்சம் நோஞ்சான். காத்தடிச்சா அந்தப் பக்கமா சாய்ச்சுப் பிடிங்க" என்பார். டோர்ச் கேட்டால், "பின்னால ரெண்டு தட்டு தட்டணும், அப்பத்தான் முழிக்கும்." ஏணி கேட்டால், எந்தப் படியில் கால் வைக்கக் கூடாது என்று தானே ஏறிக் காட்டிவிட்டு, இறங்கி வந்து கொடுப்பார். இவ்வளவுக்கும் முன்னால் ஒரு சொல் வரும்: "அதுக்கென்ன." கேட்டவர் கேட்டு முடிப்பதற்குள் அது வந்துவிடும்.

கல்யாணமாகி வந்த நாளிலிருந்து மதலேனா இதைப் பார்த்துக்கொண்டிருக்கிறாள். அந்த வீட்டிலிருந்து போன பொருள்களில் பாதி திரும்பி வந்ததில்லை. வந்தவை அதே குறையோடு வந்தன. குடையின் கம்பியை யாரும் கட்டிக்கொண்டு வரவில்லை; டோர்ச்சுக்கு யாரும் பற்றரி வாங்கிப் போடவில்லை. மதலேனா ஒன்றும் சொல்லமாட்டாள். அவள் அதிகம் பேசுகிறவள் அல்ல. யாராவது வந்தால் கதவுக்கு அரைவாசி உள்ளேயும் அரைவாசி வெளியேயும் நிற்பாள். ஆனால் எந்தக் குடை எந்த வீட்டில் இருக்கிறது என்று அவளுக்குத் தெரியும்.

அமலதாஸ் வத்தேகமவில் ஒரு தேயிலைத் தோட்டத்து லயத்தில், வரிசை வீடு ஒன்றில் பிறந்தவர். பத்துப் பன்னிரண்டு வருசம் கராஜில் கையெல்லாம் எண்ணெயாக நின்று, பிறகு யார் யாருடையதோ வேன்களை ஓட்டி, கடைசியில் சொந்தமாக ஒரு சின்ன வெள்ளைக் காரை மாசத் தவணை கட்டும் லீசிங்கில் எடுத்தார். காரோடு குடும்பமும் மஹய்யாவைக்கு வந்தது. அங்கிருந்து கண்டி ஆஸ்பத்திரிக்குக் கிளினிக் போகிறவர்களை ஏற்றி இறக்குவதுதான் அவருடைய முக்கிய ஹயர், வாடகை ஓட்டம். சீனி வருத்தக்காரர்கள், முழங்கால் பிடித்தவர்கள், கண்ணில் மருந்து ஊற்றிக்கொண்டு வெளிச்சம் பார்க்க முடியாமல் திரும்புகிறவர்கள். அவர்களுக்கு அமலதாஸைப் பிடிக்கும். காரணம் எளிது. "அண்ணே, மாசக் கடைசியில தர்றேன்" என்றால் அவர் "அதுக்கென்ன" என்பார். எந்த மாசம் என்று கேட்கமாட்டார்.

ராக்கம்மா என்றொரு கிழவி மட்டும் ஒவ்வொரு தடவையும் இறங்கும்போதே கூலியைக் கையில் திணித்துவிடுவாள். "ஒனக்கு வேணாம்னாலும் காருக்கு வேணும்யா" என்பாள். மற்றவர்கள் எல்லாரும் ராக்கம்மாவாக இருந்திருந்தால் இந்தக் கதை நடந்திருக்காது.

லீசிங் கம்பனிக்கு மாசக் கடைசி எது என்று நன்றாகத் தெரியும். தவணை ஒன்று பிந்தியது, இன்னொன்றும் பிந்தியது. கம்பனியின் வசூல்காரர் அடிக்கடி வீட்டுக்கு வருவார். நல்ல மனிதர், மதலேனா ஊற்றிய இஞ்சித் தேத்தண்ணியைக் குடித்துவிட்டு, "கெதியா ஏதாச்சும் கட்டுங்க அண்ணே" என்று சொல்லிவிட்டுப் போவார். தேத்தண்ணி குடிக்க மஹய்யாவைக்கு வழி தெரிந்த கம்பனி, காரை எடுக்கப்போகிறோம் என்ற அறிவித்தலை மட்டும் வத்தேகமவுக்கு அனுப்பியது. அங்கே அவர்கள் இருந்த வீட்டில் இப்போது வேறு ஆட்கள். வீடு மாறியதைக் கம்பனிக்கு அப்போதே போய்ச் சொல்லியிருந்தார் அமலதாஸ். அங்கிருந்தவரும் தலையை ஆட்டியிருந்தார்.

அது அந்தோனியார் திருநாள் மாதம்.

மேட்டில் இருக்கிற சின்ன அந்தோனியார் கோவிலில் திருநாள் பூசை முடிந்ததும் வாகனங்களுக்கு ஆசீர்வாதம் நடக்கும். ஓட்டோ, வேன், கார், மோட்டார் சைக்கிள் எல்லாம் சரிவில் வரிசையாக நிற்கும். நான்கு கதவையும் திறந்து, பொனற்றைத் தூக்கி வைத்திருக்க வேண்டும்; தீர்த்தம் இஞ்சினுக்கும் படவேண்டுமே. ஃபாதர் தெளித்துக்கொண்டே நகருவார். இடம் குறுகலானதால், தீர்த்தம் பட்ட வாகனத்தைத் திருநாள் கமிட்டிக்காரர்கள் உடனே கீழே கொண்டுபோய் நிறுத்துவார்கள். சொந்தக்காரர் மெழுகுதிரியோடு நின்று செபம் முடித்துவிட்டு நடந்து இறங்குவார். சாவியைக் கமிட்டிக்காரர் கையில் கொடுப்பது அங்கே காலங்காலமாக நடக்கிற சங்கதி. கமிட்டிக்காரர்கள் வெள்ளைச் சட்டை போட்டிருப்பார்கள். சட்டையில் நீல ரிபன் குத்தியிருப்பார்கள்.

அந்த வருசம் அமலதாஸின் கார் டிக்கியில் அந்தோனியாரின் பணிஸ் இருந்தது. திருநாளுக்கு வந்த ஏழை எளியவர்களுக்குக் கொடுப்பதற்காகப் பேக்கரியில் சுட்டு வாங்கிய சீனி வைத்த பன்கள், பெட்டி பெட்டியாக. கமிட்டிச் செயலாளர் அனற், "அமலதாஸ், உன் காருல ஏத்திட்டு வந்திரு" என்று சொல்லியிருந்தாள். அமலதாஸ் என்ன சொல்லியிருப்பார் என்று சொல்லவேண்டியதில்லை.

ஃபாதர் தெளித்துவிட்டு அடுத்த ஓட்டோவுக்குப் போனார். ஒரு வெள்ளைச் சட்டைக்காரர் வந்து கையை நீட்டினார்.

"அண்ணே, சாவியத் தாங்க. வண்டியக் கீழ கொண்டு போறேன்."

"அதுக்கென்ன தம்பி" என்று அமலதாஸ் சாவியை அவர் கையில் வைத்தார். "மூணாம் கியரு மட்டும் கொஞ்சம் ரோசக்காரன். அமுக்கித் தள்ளாதீங்க. கிளச்ச முழுசா மிதிச்சு, மெதுவாப் போடுங்க. டிக்கில பணிஸ் இருக்கு, பள்ளத்துல குலுக்காமப் போங்க."

"சரி அண்ணே" என்று அந்த மனிதர் மரியாதையாக ஏறினார். சொன்னபடியே கிளச்சை முழுசாக மிதித்தார். கார் சரிவில் இறங்கியது. கீழே நிற்கவில்லை. வளைவில் திரும்பிப் போயே போய்விட்டது.

மதலேனா கோவில் சுவரோரம் பெண்களுக்கு நடுவே நின்றுகொண்டிருந்தாள். அந்த மனிதர் சட்டையில் நீல ரிபன் இல்லை என்பதை அவள் பார்த்தாள். தங்கள் வீட்டுக்கு எதிரே இருந்த தேத்தண்ணிக் கடையில் முதல்நாள் அவர் உட்கார்ந்திருந்ததும், தேத்தண்ணியைப் பார்க்காமல் காரின் நம்பரைப் பார்த்ததும் அவளுக்கு நினைவு வந்தது. ஆனால் ஃபாதர் செபம் சொல்லிக்கொண்டிருக்கும்போது இத்தனை பேருக்கு நடுவில் எப்படிக் கத்துவது? வெளியூர்க் கமிட்டிக்காரராக இருந்தால் எவ்வளவு வெட்கக்கேடு? அவள் செபம் முடியும்வரை காத்திருந்தாள். கார் காத்திருக்கவில்லை.

கீழே எல்லா வாகனமும் இருந்தது, அந்தக் கார் மட்டும் இல்லை. அமலதாஸ் வரிசையை இரண்டு தடவை சுற்றி வந்தார். மூன்றாவது தடவை குனிந்து ஒரு வேனுக்குப் பின்னாலும் பார்த்தார், கார் வெட்கப்பட்டு ஒளிந்துகொண்டிருப்பதைப் போல.

"இங்கதான் எங்கயாவது நிக்கும்" என்றார். "நல்ல புள்ளையா இருந்திச்சு. மூணாம் கியரப் பத்திச் சொன்னதுக்கு மறுபேச்சுப் பேசல."

"அமலதாஸ், பணிஸ் எங்க?" என்று அனற் இடுப்பில் கைவைத்து வந்தாள். "சனம் வரிசையில நிக்குது. அந்தோனியாரு காணாமப் போனத எல்லாம் தேடிக் குடுக்கிறவரு. அவரோட பணிஸயே நீ காணாமப் போக்கிட்டியே!"

மதலேனா கணவரின் சட்டைக் கையைப் பிடித்து இழுத்தாள்.

"அந்தாளு நம்ம கோவிலு ஆளில்லங்க."

"பின்ன யாரு?"

"நேத்துக் கடையில குந்தி நம்ம நம்பரப் பாத்துக்கிட்டு இருந்தவரு."

அமலதாஸ் கையில் இருந்த மெழுகுதிரி சாய்ந்து மெழுகு அவர் காலில் சொட்டியது. அவர் அதைக் கவனிக்கவில்லை.

அடுத்த வீட்டில் கைரியா இருந்தாள். கண்டியில் ஒரு சட்டத்தரணியிடம் தட்டச்சு வேலை செய்கிறவள். விசயத்தைக் கேட்டதும் நெற்றியில் அடித்துக்கொண்டாள்.

"அல்லாஹ்வே! அண்ணே, நீங்க கார மட்டுமா குடுத்தீங்க, ஓட்டவும் படிச்சுக் குடுத்தீங்களே!"

சிரித்து முடித்தபிறகு அவள் செய்ய வேண்டியதைச் சொன்னாள். மதலேனா கதவோரம் நின்று ஒவ்வொன்றாகக் கேட்டாள்.

"மொதல்ல பொலிஸுக்குப் போய் நடந்தத நடந்த மாதிரி சொல்லி முறைப்பாடு போடுங்கோ. லீசிங்காரங்க எடுத்தீந்தா அங்க தெரிய வரும். பொறகு கம்பனிக்குப் போவம். தவணை பிந்தினா எடுக்க அவங்களுக்கு உரிமை ஈக்கிது, அத இல்லண்டு சொல்ல ஏலாது. ஆனா அதுக்கு ஒரு முறை ஈக்கிது. முன்கூட்டி எழுத்துல அறிவிக்கோணும். வாறவரு தான் யாருண்டு சொல்லி, கம்பனி குடுத்த கடிதத்தக் காட்டோணும். மிரட்டக் கூடாது, ஏமாத்தக் கூடாது. கார்ல ஈக்கிற சாமான் நம்மட சாமான், அவங்கட இல்ல. அதுக்குப் பட்டியல் எழுதித் தரோணும். எவ்வளவு கட்டினா கார் திரும்பும் எண்டும் எழுத்துல கேளுங்கோ, விக்க முந்தி. அவங்க கேக்காட்டி மத்திய வங்கில இதுக்கெண்டே ஒரு பகுதி ஈக்கிது, அங்க முறையிடலாம்."

"இவ்வளவும் இருக்கா?" என்றார் அமலதாஸ்.

"எல்லாத்தையும் விட ஒண்டு. அவங்க ஒரு பேப்பரை நீட்டுவாங்க. 'விருப்பத்தோட ஒப்படைச்சேன்' எண்டு ஈக்கும். அதுல மட்டும் சைன் வெக்காதீங்கோ. வெச்சா முடிஞ்சிது, காரை வித்துட்டுப் போவாங்க."

"அதுக்கென்ன, வைக்கமாட்டேன்" என்றார் அமலதாஸ். அந்தச் சொல்லைக் கேட்டதும் மதலேனா கம்பனிக்குத் தானும் போவதென்று முடிவு செய்தாள்.

பொலிஸில் விசயம் தெளிவானது. கார் களவு போகவில்லை, கம்பனி எடுத்திருக்கிறது. உரிமையாளர் தானாகவே ஒப்படைத்தார் என்று அங்கே சொல்லியும் வைத்திருக்கிறார்கள். பொலிஸ்காரர் அமலதாஸின் கதையையும் எழுதிக்கொண்டார். மூன்றாம் கியர் வந்த இடத்தில் அவர் பேனாவை நிறுத்திவிட்டு அமலதாஸை ஒரு தடவை நிமிர்ந்து பார்த்தார்.

கட்டுகஸ்தோட்டைப் பாலத்துக்கு அப்பால் கம்பனியின் யார்ட் இருந்தது. அமலதாஸும் மதலேனாவும் இரும்புக் கதவின் இடுக்கு வழியே பார்த்தார்கள். பிடிபட்ட வாகனங்கள் தூசி பிடித்து நின்றன. நடுவில் அவர்களுடைய கார், முன்கண்ணாடியில் திருநாள் பூமாலை தொங்க, கல்யாண வீட்டுக்கு வழிதவறி வந்ததைப் போல நின்றது. காவற்காரர் சிங்களவர், வயதானவர், முகம் நிறையச் சிரிப்பு. கார் அமலதாஸுடையது என்று தெரிந்ததும் அவருக்குச் சந்தோசம்.

"பணிஸ் ஹொந்தய் மஹத்தயா!" என்றார். பணிஸ் நன்றாக இருந்தனவாம். யார்டில் இருந்த எல்லாரும் சாப்பிட்டார்களாம். உள்ளே சீனி வைத்தது எந்தப் பேக்கரி என்றும் கேட்டார்.

அமலதாஸ் பேக்கரியின் பெயரைச் சொல்லி, காலையில் போனால்தான் சூடாகக் கிடைக்கும் என்றும் சொன்னார். மதலேனா வானத்தைப் பார்த்தாள்.

மறுநாள் கம்பனி அலுவலகத்துக்கு நான்கு பேர் போனார்கள்: அமலதாஸ், மதலேனா, கைரியா, பிறகு யாரும் கூப்பிடாமலேயே அனற். அதிகாரியின் பெயர் ரொஹான். கழுத்துப்பட்டி கட்டிய இளைஞர், பண்பானவர். மேசைக்கு முன்னால் இரண்டு கதிரைகள்தான் இருந்தன. அனற் ஒன்றில் உட்கார்ந்தாள். அமலதாஸ் மற்றதைக் கைரியாவுக்கு விட்டுக்கொடுத்து, பின்னங்கால் ஒன்று ஆடுகிறது, முன்னால் சாய்ந்து உட்காருங்கள் என்றார். மதலேனா கதவோரம் நின்றாள். மூலையில் அந்த வெள்ளைச் சட்டைக்காரரும் இருந்தார். இன்று கட்டம் போட்ட சட்டை.

"அண்ணன், தவணை பிந்தினது உண்மைதானே?" என்று ரொஹான் தொடங்கினார்.

"உண்மைதான் சேர்."

"அத ஆரும் இல்லண்டு சொல்லல்ல" என்றாள் கைரியா. "எடுக்க உரிமை ஈக்கிதெண்டா முறையா எடுங்கோ. அறிவித்தல் எங்க?"

ரொஹான் கோப்பைப் புரட்டினார். வத்தேகம முகவரி. கடிதம் திரும்பி வந்து கோப்பிலேயே இருந்தது. அவர் கொஞ்சம் சங்கடப்பட்டார்.

"சரி, அது எங்கட பக்கத்துப் பிழையா இருக்கலாம். ஆனா வண்டிய இவர் தானாத்தானே குடுத்திருக்கிறார்?"

மூலையில் இருந்தவர் எழுந்தார். "சேர், நான் ஒண்ணும் பறிக்கல. இவருதான் சாவியக் கையில வச்சாரு. மூணாம் கியர மெதுவாப் போடச் சொன்னாரு. பறிகுடுக்கிறவன் யாராச்சும் கியரப் பத்திப் பேசுவானா சேர்? பள்ளத்துல பாத்துப் போன்னு அனுப்பி வச்சாரு!"

நியாயமான கேள்விதான். அமலதாஸ் தலையை ஆட்டி, "அப்படிச் சொன்னது மெய்தான்" என்றார், சாட்சி தனக்கு எதிரானது என்பதே தோன்றாமல்.

ரொஹான் எழுதத் தொடங்கினார். பேனா எழுதவில்லை. உதறிப் பார்த்தார், அப்போதும் எழுதவில்லை. அமலதாஸின் கை தானாகச் சட்டைப் பைக்குப் போனது.

"இந்தாங்க சேர். நேராப் பிடிச்சா எழுதாது. கொஞ்சம் வலது பக்கம் சாய்ச்சுப் பிடிங்க, அப்ப ஓடும்."

"தேங்க்ஸ் அண்ணன்." ரொஹான் சாய்த்துப் பிடித்து எழுதினார். எழுதி முடித்துத் தாளைத் திருப்பி அமலதாஸின் பக்கம் தள்ளினார். "நீங்களா ஒப்படைச்சதா எழுதியிருக்கிறன். இதில ஒரு சைன் வச்சிட்டீங்க எண்டா, மிச்சத்தப் பிறகு ஆற அமரப் பேசலாம்."

"அதுக்கென்ன சேர்" என்று அமலதாஸ் குனிந்தார்.

கைரியா "அண்ணே!" என்று வாய் திறப்பதற்குள் தாளின்மேல் ஒரு கை விழுந்தது. கதவோரம் நின்ற மதலேனா எப்படி மேசைக்கு வந்தாள் என்று அனற்றுக்கு இன்றைக்கும் விளங்கவில்லை.

"சேர், உங்க கையில இருக்கிற பேனா யாரோடது?"

ரொஹான் பேனாவைப் பார்த்தார். "இவருடையது."

"இவரு அத உங்களுக்குக் குடுத்திட்டாரா?"

"இல்ல. எழுத வாங்கினன்."

"எப்படிப் பிடிக்கணும்னு சொல்லிக் குடுத்தாருல்ல?"

"ஓம், சாய்ச்சுப் பிடிக்க..." ரொஹான் பாதியில் நிறுத்தினார்.

"அப்ப பேனா உங்களோடதா சேர்?"

கைரியா முக்காட்டின் நுனியால் வாயை மூடிக்கொண்டாள். கட்டச் சட்டைக்காரர் கூரையைப் பார்த்தார்.

"இவரு யாருக்கு எதக் குடுத்தாலும் இப்படித்தான் சேர்" என்றாள் மதலேனா. தன்னுடைய குரல் இவ்வளவு தூரம் போகும் என்று அவளுக்கே தெரியாது. "குடைக்கும் சொல்வாரு, ஏணிக்கும் சொல்வாரு. அன்னைக்குக் கமிட்டியாளுன்னு நெனச்சுத்தான் சாவியக் குடுத்தாரு. இந்த அண்ணன் எந்தக் கம்பனின்னு சொல்லல. கார்டு காட்டல, கடிதாசி காட்டல. கீழ கொண்டு போறேன்னுதான் சொன்னாரு. நான் பாத்துக்கிட்டேதான் நின்னேன்."

ரொஹான் மூலையைப் பார்த்தார். "காட்டினீங்களா?"

"பூசை நேரம் சேர்... எங்க காட்டுறது..." என்று அவர் முனகினார்.

அமலதாஸ் மனைவியையே பார்த்துக்கொண்டிருந்தார். தட்டாமலேயே டோர்ச் எரிந்துவிட்டதைப் பார்ப்பதுபோல இருந்தது அவருடைய பார்வை.

இந்த இடத்துக்காகத்தான் அனற் காத்திருந்தாள். "அது கெடக்கட்டும் தம்பி. காருக்குள்ள இருந்த சாமான் பட்டியல் எங்க? படிங்க கேப்போம்."

ரொஹான் கோப்பைப் பார்த்து, "ஒன்றுமில்லை எண்டு போட்டிருக்கு" என்றார்.

"ஒண்ணுமில்லையா! அந்தோனியாரோட பணிஸ் பெட்டி பெட்டியா இருந்திச்சு. ஒங்க யார்டுக் கெழவர் எந்தப் பேக்கரின்னு கேட்டு அனுப்பியிருக்காரு. சாமி பணிஸைத் தின்னுட்டு ஒண்ணுமில்லன்னு எழுதினா நல்லாவா இருக்கு? ஒங்க மேசையில செபமாலை இருக்கு, நம்மாளு மாதிரித்தான் தெரியுது. வீட்டுல அந்தோனியாரு படம் இருக்கும்தானே?"

ரொஹானின் வீட்டில் அந்தோனியார் படம் இருந்தது. அவர் சிரிப்பை அடக்கப் பார்த்தார், முடியவில்லை. பிறகு தொலைபேசியை எடுத்துக்கொண்டு உள்ளறைக்குப் போனார். கண்ணாடிக் கதவுக்குப் பின்னால் அவர் கையை ஆட்டிப் பேசுவது தெரிந்தது. ஒரு கட்டத்தில் அவர் பேனாவைச் சாய்த்துப் பிடித்துக் காட்டினார், தொலைபேசியில் அது தெரியாது என்பதை மறந்து.

திரும்பி வந்து சொன்னார்: பிந்திய தவணைகளில் ஒன்றை இப்போது கட்டினால் கார் வரும், மிச்சத்தைப் பிரித்துக் கட்டலாம், காரை எடுத்த செலவு, யார்டில் நின்ற செலவு எதையும் அவர்கள் தலையில் போடமாட்டார்கள். கைரியா அதை எழுத்தில் கேட்டாள். எழுதித் தந்தார். அவள் ஒரு வரி விடாமல் வாசித்தபிறகுதான் அமலதாஸ் கையொப்பம் வைத்தார்.

கட்டவேண்டிய தவணைக்கும் அனற்தான் வழி செய்தாள். ஞாயிறு பூசை முடிந்ததும் வாசலில் நின்று, அமலதாஸுக்கு மாசக் கடைசியில் தருவதாகச் சொன்னவர்களுக்கு மாசக் கடைசி வந்துவிட்டது என்று உரக்க அறிவித்தாள். பெயர் சொல்லவில்லை. ஆனால் யார் யார் பெயரைச் சொல்லவேண்டுமோ அவர்களை மதலேனா பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். அந்தப் பார்வையே போதுமாக இருந்தது. சிலர் காசோடு இரவல் குடைகளையும் கொண்டுவந்து கொடுத்தார்கள்.

காரைத் திரும்ப ஓட்டிவரும்போது பாலத்தில் அமலதாஸ் மூன்றாம் கியரைப் போட்டுப் பார்த்தார். வழுக்கிக்கொண்டு உள்ளே விழுந்தது.

"மதலே, அந்தப் பையன் நான் சொன்ன மாதிரியே போட்டிருக்கான் போல. கியரு கெடல" என்று மெச்சினார்.

மதலேனா பாலத்துக்குக் கீழே ஆற்றைப் பார்த்தாள். பேசவேண்டியதை எல்லாம் அவள் அந்த அலுவலகத்தில் பேசி முடித்துவிட்டாள்.

கார் இப்போது மஹய்யாவையில் வீட்டு வாசலில் நிற்கிறது. காலையில் கிளினிக் ஹயர் ஓடுகிறது. தவணைகள் இன்னும் முடியவில்லை, பிந்தாமல் போகின்றன. கம்பனி இப்போது சரியான முகவரிக்குக் கடிதம் போடுகிறது. ரொஹானிடம் போன பேனா திரும்பி வரவில்லை. கார்ச் சாவி மதலேனாவிடம் இருக்கிறது.